கையொப்பக்காரர் முதல் கிண்டில் வரை: சொந்தப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

மின்னூலை எந்தத் தளத்தில் போடுவது என்று யாராவது கேட்டால் நான் 1867-லிருந்து ஆரம்பிப்பேன். கேட்டவர் பொறுமைசாலியாக இருந்தால் உட்கார்ந்து கேட்பார். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். 'அமேசானா, கூகுளா, அதை மட்டும் சொல்லுப்பா' என்பவர்கள் நேராகக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அங்கே நான் சொல்லும் பதில் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் இந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது.

1867-ல் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்தது. 1857-க்குப் பிறகு உள்ளூர்க்காரர்கள் என்ன அச்சடிக்கிறார்கள் என்று பார்க்க வெள்ளைக்கார அரசுக்கு ஒரு கண் வேண்டியிருந்தது. அதனால் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசிடம் கொடுக்க வேண்டும், அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிடும் என்று ஏற்பாடு. அந்தப் பட்டியலின் பத்திகளைப் பாருங்கள்: தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், தேதி, பக்கங்கள், தாளின் அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, அச்சா கல்லச்சா, விலை. கடைசியில் பதிப்புரிமை யாருடையது, அவர் எங்கே வசிக்கிறார். எனக்கு இதைப் பார்த்தால் யாரோ ஒழுங்காக யோசித்து வடிவமைத்த டேட்டாபேஸ் டேபிள் மாதிரி தெரியும். வேவு பார்க்கப் போட்ட சட்டம்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் இந்தப் பட்டியலைத் தொடாமல் எழுத முடியாது. எத்தனை பிரதி அடித்தார்கள், என்ன விலை வைத்தார்கள் என்பதெல்லாம் பல நூல்களுக்கு இதில் மட்டுமே இருக்கிறது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2023-ல் நிறைவேறி 2024 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் பத்திரிகைகளையும் பருவ இதழ்களையும் மட்டும் பார்க்கிறது. நூல்களை அது விட்டுவிட்டது. 1954-ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி வெளியீட்டாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் 'புத்தகம்' என்றால் அச்சடித்ததோ கல்லச்சில் போட்டதோதான். மின்னூல் அதற்குள் வராது. நீங்கள் நேற்று ராத்திரி கிண்டிலில் ஏற்றிய நூலை எந்த அரசுப் பதிவும் கண்டுகொள்ளாது, எந்த நூலகமும் வாங்கிவைக்கக் கடமைப்பட்டதில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கடைதான் உங்கள் புத்தகத்தின் நூலகமும் பதிவேடும். அதனால்தான் இந்தத் தேர்வை வெறும் ராயல்டிக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

'செல்ஃப் பப்ளிஷிங்' என்று இன்று புதுசு மாதிரி பேசுகிறோம். தமிழில் அச்சு பரவிய காலத்தில் பெரும்பாலும் அதுதான் நடந்தது. ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோய்த் தன் நூல்களைத் தானே அடித்தார். சி.வை.தாமோதரம் பிள்ளை பதிப்பித்த நூல்களுக்குக் கைப்பணம் போனது. பதிப்பகம் என்ற தனித் தொழில் இன்று இருப்பதுபோல அன்று இல்லை. எழுதியவர் அல்லது பதிப்பித்தவர், அச்சகக்காரர், நடுவில் ஒரு ஜமீன்தாரோ மடமோ புரவலர். அவ்வளவுதான்.

இதில் உ.வே.சாமிநாதையர் செய்ததுதான் எனக்குப் பிடித்த விநியோக முறை. சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொடுக்கும்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சம்பளத்தில் அவ்வளவு பெரிய நூலை அடிக்க முடியாது. அதனால் கையொப்பம் வாங்கினார். 'புத்தகம் வந்ததும் ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறவர் கையொப்பக்காரர். நூல் 1887-ல் வெளிவந்தது. இன்றைய மொழியில் சொன்னால் இது கிரவுட்ஃபண்டிங்கும் ப்ரீஆர்டரும் சேர்ந்த ஏற்பாடு. கையெழுத்துப் போட்டவர்களிடம் பணத்தை வசூல் பண்ணுவது தனி உத்தியோகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் கவனிக்க வேண்டியது பணத்தை மட்டும் இல்லை. கையொப்ப முறையில் நூல் வெளிவந்த உடனே பிரதிகள் பல ஊர்களுக்குச் சிதறிப் போய்விடும். வக்கீல் வீட்டில் ஒன்று, மடத்தில் ஒன்று, பள்ளிக்கூட வாத்தியார் பெட்டியில் ஒன்று. ஒரு வீட்டில் கறையான் தின்றால் இன்னொரு வீட்டில் மிஞ்சும். நாங்கள் சர்வர் வேலையில் ரெப்ளிகேஷன் என்று சொல்வதை அந்தக் காலத்தில் தபால்காரர் செய்தார்.

தபால் என்றதும் இன்னொன்று. 1877-ல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பார்சலை வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கொடுக்கலாம், அது அனுப்பியவருக்கு மணியார்டராகப் போய்ச் சேரும். ஊரில் கடையே இல்லாத வாசகரும் புத்தகம் வாங்க வழி பிறந்தது இதில்தான். 'கேஷ் ஆன் டெலிவரி'யை இந்தியாவுக்கு யார் அறிமுகம் செய்தார்கள் என்று வினாடிவினா நடத்துபவர்கள் கவனிக்கவும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் குஜிலிப் புத்தகங்கள். சென்னை குஜிலிக் கடைவீதியில் விற்ற காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, நொண்டிச் சிந்து, பஞ்சம், வெள்ளம், திருவிழா வழிநடை. சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் பாடிப் பாடி விற்றார்கள். பிரதிக் கணக்கில் பார்த்தால் பண்டிதர் நூல்களை இவை தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் படித்தவர் யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. மலிவுத் தாள் வேறு. இன்று நமக்குக் கிடைக்கிற சொற்ப குஜிலி நூல்கள் அதிகமும் இரண்டு வழியில் வந்தவை. ஒன்று, 1867 சட்டத்தின்படி அரசிடம் போய் அங்கிருந்து நூலகங்களுக்குள் நுழைந்தவை. இன்னொன்று, யாரோ ஒரு பைத்தியக்காரச் சேகரிப்பாளர் (மரியாதையாகத்தான் சொல்கிறேன்) வாங்கிச் சேர்த்தவை.

அப்படி ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இதில் ஒரு எளிய உண்மையை யாரும் கவனிப்பதில்லை. அவர் ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினால் அது அவருடையது. வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாரிசுக்கு விடலாம். கிண்டிலில் 3,000 தமிழ் நூல் வாங்கிய ஒருவர் இன்று இறந்துபோனால் எந்தப் பல்கலைக்கழகம் வந்து எதை வாங்கும்? அவர் காசு கொடுத்தது படிக்கும் உரிமத்துக்கு. உரிமத்தை அலமாரியில் அடுக்க முடியாது.

பாரதி கதையைச் சொல்லாமல் தமிழில் விநியோகம் பற்றிப் பேச முடியாது. 1920-ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம் பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம். முதல் செலவுக்கு 20,000 ரூபாய் கடனாகக் கேட்டார், வட்டியோடு திருப்பித் தருவதாக. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் புத்தகம் போகும் என்பது அவர் கணக்கு. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார்.

எனக்கு அந்தத் திட்டத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்ததே இல்லை. அவர் சந்தையைச் சரியாகத்தான் கணித்தார், முப்பது வருஷம் முந்திக்கொண்டார். இடையில் நடந்ததுதான் நமக்குப் பாடம். அவர் எழுத்தின் உரிமைகள் துண்டு துண்டாகப் போயின. நூல் உரிமை ஒரு பக்கம், இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை வேறு பக்கம். பாட்டுகளின் ஒலி உரிமை ஒரு நகை வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏவி.எம்.மிடம் வந்தது. தேசமே பாடும் பாட்டைச் சினிமாவில் பாட ஒரு ஸ்டூடியோவின் அனுமதி தேவைப்பட்டது. மக்கள் குரல் எழுப்ப, 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைப் பெற்றது. ஏவி.எம். பணம் கேட்காமலே கொடுத்தது. நாட்டுடைமை என்ற வழக்கம் தமிழ்நாட்டில் அங்கே தொடங்குகிறது. இன்று ஒரு செயலியின் ஒப்பந்தத்தில் 'ஒலி வடிவம், காட்சி வடிவம், மொழிபெயர்ப்பு உட்பட' என்ற வரியைத் தள்ளிவிட்டு 'ஏற்கிறேன்' அழுத்துகிறவர்கள் இந்த ஒரு கதையைப் படித்துவிட்டு அழுத்தலாம்.

எங்கள் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையில் புத்தக விநியோகத்துக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. வாசகர் தானே நடந்து வருவார். தேரடித் தெருவில் தலபுராணச் சுருக்கமும் கிரிவல வழிகாட்டியும் விற்கிற கடைக்காரருக்கு மார்க்கெட்டிங் தேவையில்லை, பௌர்ணமி போதும். ரமணாசிரமம் இதையே பெரிய அளவில் செய்தது. சிவப்பிரகாசம் பிள்ளை 1900-களின் தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் 'நான் யார்?' என்ற சிறு நூலாக 1923-ல் முதலில் வந்தன. பிறகு ஆசிரமமே பதிப்பாளர், ஆசிரமமே கடை, ஆசிரமமே தபால் விற்பனை. 1964-ல் ஆர்தர் ஆஸ்பர்னை ஆசிரியராகக் கொண்டு 'மவுண்டன் பாத்' இதழ் தொடங்கியது. இன்று அந்த இதழின் பழைய தொகுதிகளும் சில நூல்களும் அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பதிப்பு முறையாக இது படிக்க வேண்டிய ஒன்று. எந்தக் காலத்திலும் மூலக் கோப்பையும் கடையின் சாவியையும் அவர்கள் வெளியாளிடம் கொடுக்கவில்லை. அதே ஊரில் வம்சி புக்ஸ் இலக்கிய நூல்களைப் போட்டுத் தமிழ்நாடு முழுக்க அனுப்புகிறது. பதிப்புத் தொழில் என்றால் சென்னைதான் என்ற பேச்சுக்கு எங்கள் ஊர் பதில்.

இப்போது மின்னூல். 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் தலைமையில் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தலைப்புப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டால் யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் நிபந்தனை. முதலில் மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோட். மூன்று குறியாக்கங்களைத் தாண்டி அந்தக் கோப்புகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவை வெறும் எழுத்துக் கோப்புகள், பூட்டு இல்லாதவை, ஆயிரம் பேர் கணினியில் பிரதி இருந்தது.

2013-ல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் வந்தது. கணியம் இதழை நடத்திய த.சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கியது. வாழும் எழுத்தாளர்களிடமும் வலைப்பதிவர்களிடமும் பேசி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவர்கள் எழுத்தை மின்னூலாக்கினார்கள். இபப், மோபி, ஆறு அங்குல பிடிஎஃப் என்று பல வடிவம். அந்த ஆறு அங்குல பிடிஎஃப் ஏன் என்றால், அன்றைய படிப்பான் கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். எழுத்தைப் படமாக உறையவைத்து அனுப்புவதுதான் அன்று ஒரே வழி.

2016 டிசம்பரில்தான் கிண்டில் தமிழுக்கு முறையாகக் கதவு திறந்தது. இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்ந்து. 2018-ல் அமேசான் நடத்திய 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் இருந்தது. வலைப்பதிவில் எழுதிக்கொண்டிருந்த பலர் ஒரே வருஷத்தில் நூலாசிரியர் ஆனார்கள். போட்டியில் சேர, நூலை கேடிபி செலக்டில் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு பெட்டியில் டிக் அடிப்பதற்கு என்ன அர்த்தம் என்று பலர் பார்க்கவில்லை.

கேடிபி செலக்ட் என்றால் 90 நாள் ஏகபோகம். அந்த மின்னூலை வேறு கடையிலோ, உங்கள் சொந்தத் தளத்திலோ, இலவசமாகக்கூட வைக்கக் கூடாது. பத்து சதவீத மாதிரிப் பகுதி வரை அனுமதி. அச்சுப் பதிப்புக்குத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் நீங்கள் வெளியே வராவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வலைப்பதிவுக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்குகிறவர்களுக்கு இதன் பொருள்: பதிவில் இருக்கும் கட்டுரைகளை எடுத்துவிட வேண்டும். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கிற பக்கங்களுக்குக் காசு (பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதா மாதம் மாறும்). அதோடு, இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 சதவீத ராயல்டி. செலக்டில் சேராவிட்டால் இந்திய விற்பனைக்கு 35தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த நிபந்தனை இல்லை. இந்தியா, பிரேசில், மெக்சிகோ, ஜப்பான் வாசகர்களுக்கு மட்டும். நம் வாசகர் பெரும்பாலும் இந்தியாவில் என்பதால் இது நம் கழுத்தில் வந்து விழுகிறது.

கடைகள் மூடுவதும் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012-ல் மின்னூல் விற்கத் தொடங்கியது, 2015 கடைசியில் கடையைக் கட்டி வாசகர்களைக் கோபோவுக்கு அனுப்பிவைத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களே மறைந்தன, பணம் திரும்பியது. 2009-ல் அமேசான் உரிமைச் சிக்கல் காரணமாக வாசகர்களின் கருவிக்குள்ளிருந்தே ஆர்வெல்லின் '1984'-ஐ நீக்கியது. வேறு புத்தகமே கிடைக்கவில்லையா என்று இன்றும் தோன்றும். 2022-ல் அமேசான் தன்னிடமிருந்த வெஸ்ட்லாண்ட் பதிப்பகத்தை மூடியபோது அதன் எழுத்தாளர்கள் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று. இவையெல்லாம் தீய எண்ணத்தில் நடந்தவை இல்லை, வியாபாரம். குஜிலிக் கடைக்காரர் மட்டும் என்ன, காலம் மாறியதும் வேறு சரக்குக்குப் போனவர்தான்.

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அவற்றில் ஒரே பிரதியாக இருந்தவை திரும்பவில்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை வீடு வீடாகத் தேடி மின்வடிவமாக்குவது அந்த நெருப்பின் நிழலில்தான். அங்கே கிடைக்கிற பழைய நூல்களில் ஆசிரியர் தானே அச்சடித்துச் சொந்தபந்தங்களுக்குக் கொடுத்தவை ஏராளம். கொடுத்ததால் மிஞ்சின.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார். மதகுகளின் பெயர்கள், கலங்கல் எப்போது உடைந்தது, நீர்கட்டி வேலை எந்தக் குடும்பங்களிடம் இருந்தது, எந்த வாய்க்கால் எந்த மனைக்கட்டுக்குக் கீழே புதைந்தது. வேறு எங்கும் எழுதப்படாத விஷயம். சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. "தம்பி, எதுல போட்டா நல்லது? எல்லாரும் அமேசான்ங்கறாங்க" என்று கேட்டார்.

"ஐயா, உங்களுக்குக் காசு முக்கியமா, ஆள் முக்கியமா?" என்றேன்.

"காசு வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா பெங்களூர்ல இருக்கற எங்க ஊர்ப் பசங்க படிக்கணும். அவங்க புள்ளைங்களும் படிக்கணும்."

அவர் பிள்ளைகளின் பிள்ளைகள் என்றதும் விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம். கடைக் கணக்கோ, ஓடிபி வருகிற சிம் கார்டு இருக்கும் வரைதான். இந்த இடைவெளியை நிரப்புகிற மாதிரிதான் ஏற்பாடு இருக்க வேண்டும்.

முதலில் அச்சில் 100 பிரதி. டிஜிட்டல் அச்சில் இன்று அது முடிகிற காரியம். இதற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு 18 சதவீதம். 2018 ஜூலையில், அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு மட்டும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அச்சுப் பிரதி இருந்தால் 1954 சட்டப்படி கன்னிமாராவுக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்பலாம். அது கடமை என்பதைவிட, ஒரு வாத்தியார் தன் நூலுக்குச் செய்துகொள்ளும் ஆயுள் காப்பீடு. ஐஎஸ்பிஎன் எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆயிரக்கணக்கில் காசு கேட்டு 'ஐஎஸ்பிஎன் பேக்கேஜ்' விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. அச்சுக்கு ஒன்று, இபப்புக்கு ஒன்று எனத் தனித்தனி எண் வாங்க வேண்டும்.

மின்னூலை கேடிபியில் போடலாம், செலக்டில் சேராமல். ஏற்றும்போது டிஆர்எம் வேண்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்பதே என் பரிந்துரை. திருடுகிறவனுக்கு அந்தப் பூட்டு ஒரு பொருட்டில்லை, பேரப்பிள்ளைக்குத்தான் இடைஞ்சல். வருமான வரிப் பகுதியில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்க விற்பனையில் 30-க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். பிறகு அதே கோப்பு கூகுள் பிளே புக்ஸில். அங்கே ஏகபோக நிபந்தனை இல்லை, கையில் ஆண்ட்ராய்டு போன் உள்ள ஊர்ப் பையனுக்கு அதுதான் பக்கத்துக் கடை. பெங்களூரிலிருந்து இயங்கும் புஸ்தகா, தமிழ் எழுத்தாளர்கள் பலரின் நூல்களை வைத்திருக்கிறது. கோப்பு தயாரிக்கும் வேலையே தலைவலி என்பவர்களுக்கு அது ஏற்ற வழி. நாவல் எழுதுகிறவர்களுக்குப் பிரதிலிபி மாதிரி தொடர்கதைச் செயலிகள் பொருந்தும், ஏரி வரலாற்றுக்கு அங்கே ஆள் வராது என்று நினைக்கிறேன். எங்கே போனாலும் ஒப்பந்தத்தில் மூன்றைப் பார்க்கச் சொன்னேன்: வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்கிறதா, ஒலி உரிமையையும் சேர்த்துக் கேட்கிறதா, விலக வேண்டுமென்றால் எத்தனை நாள்.

ஒரு வருஷம் விற்ற பிறகு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸிலும் ஆர்க்கைவ் தளத்திலும் வைத்துவிடலாம் என்றதும் அவருக்குச் சந்தேகம். "அப்போ அந்த எழுபது பர்சென்ட்?" கணக்குப் போட்டுக் காட்டினேன். விலை 100 ரூபாய், நல்லா விற்று வருஷத்துக்கு 60 பிரதி என்று வைத்துக்கொண்டால், 70-க்கும் 35-க்கும் வித்தியாசம் 2,100 ரூபாய். இரண்டு தடவை பெங்களூர் போய்வரும் செலவு. அதற்காகக் கூகுளையும் ஊர்க்காரர்களின் வாட்ஸாப்பையும் 90 நாள், 90 நாளாகப் பூட்டிவைக்க வேண்டுமா? மாதம் ஒரு காதல் நாவல் எழுதி கிண்டில் அன்லிமிடெட்டில் ஆயிரக்கணக்கான பக்கம் படிக்கவைக்கிறவருக்கு என் பதில் தலைகீழாக இருக்கும். அவர் செலக்டில்தான் இருக்க வேண்டும்.

இப்போது வேலை வேறு இடத்தில் நிற்கிறது. ஐயா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். யூனிகோடுக்கு மாற்றியதும் கால் வர வேண்டிய இடத்தில் ரகரம், 'ஔ' வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. மதகின் பெயரைத் தேடி வருகிற பேரன் வெறுங்கையோடு திரும்புவான் என்பதால் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஏரி வரைபடத்தை அவர் ஒரு முழு சார்ட் தாளில் கையால் வரைந்திருக்கிறார், 14 வாய்க்கால். போன் திரையில் அது புள்ளியாகத் தெரிகிறது. அதை நாலாக வெட்டிப் போடலாம் என்று நான் சொல்ல, ஏரியை நாலாக வெட்ட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.